ஆறு வயது மகள் பாட்டியிடம் போனில் பேச மறுக்கிறாள், என்ன செய்யலாம்?

ஷிப்ட்_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வெளிநாடு வந்து ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. வரும்போது பாப்பாவுக்கு ஒரு வயது, இப்போது ஆறு. எனக்குக் கிடங்கில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று மாறிக்கொண்டே இருக்கும். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, அவளுக்கும் நேரம் மாறும். மூன்று பேரும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம் வாரத்தில் சில மணிதான். அதில் ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்குப் பெரிய விஷயம். அப்போதுதான் ஊரில் இருக்கும் அம்மாவை வீடியோவில் கூப்பிடுவோம். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மா தனியாகத்தான் இருக்கிறார், வயது அறுபத்தெட்டு.

இரண்டு வருஷம் முன்பு வரை பாப்பாவே போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள். பொம்மையைக் காட்டுவாள், காலணியைக் காட்டுவாள், படுக்கைக்கு அடியில் போனைக் கொண்டுபோய் அங்கே என்ன கிடக்கிறது என்று பாட்டிக்குக் காட்டுவாள். அம்மா கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவார். இவள் இங்கிருந்தே திரையைப் பார்த்து, "பாட்டி, அலமாரி மேல இருக்கு!" என்று கத்துவாள்.

பள்ளிக்கூடம் ஆரம்பித்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. நாங்கள் தமிழில் கேட்டால் பள்ளி மொழியில் பதில் சொல்கிறாள். தூக்கம் வரும்போதும் அடிபட்டு அழும்போதும் மட்டும் தமிழ் வருகிறது. பாட்டியின் அழைப்பு என்றால் இப்போது அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியில் என்ன நடந்தது என்று அம்மா கேட்டார். பாப்பா அவளுக்குத் தெரிந்த தமிழில் ஏதோ சொன்னாள். "என்னடா கண்ணு?" என்றார் அம்மா. மறுபடி சொன்னாள். "என்னது?" மூன்றாம் முறை குரல் இறங்கிவிட்டது, பாதியிலேயே பள்ளி மொழிக்குத் தாவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மா சிரித்துக்கொண்டே, "சரி சரி, விளையாடட்டும் விடு" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அழைப்பு முடிந்ததும் பாப்பாவைத் திட்டிவிட்டேன். பாட்டியிடம் நாலு வார்த்தை ஒழுங்காகப் பேசக்கூடாதா என்று கேட்டேன். அவள் அழவில்லை. "பாட்டிக்கு நான் பேசுறது பிடிக்கலை" என்றாள். அன்று இரவு ஷிப்ட் முழுக்க இந்த ஒரு வாக்கியம்தான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் இதுவரை செய்தது: எழுத்துப் புத்தகம் வாங்கி சனிக்கிழமை அரை மணி நேரம் உட்கார வைக்கிறேன். அழைப்புக்கு முன்னால், "பாட்டி, நல்லா இருக்கீங்களா? உடம்பு எப்படி இருக்கு?" என்று சொல்லிக்கொடுத்துப் பேச வைத்தேன். ஒப்பிப்பது போல ஒப்பித்துவிட்டு ஓடிவிட்டாள்.

ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அடுத்து விடுப்பு கிடைக்க இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதற்குள் இந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அந்நியமாகிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கட்டாயப்படுத்தலாமா? வகுப்பு நேரத்தைக் கூட்டலாமா? ஆறு வயதுக்கு மேல் மொழி திரும்ப வருமா? இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இரண்டு_பிள்ளை_அம்மா

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் வீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. பெரியவன் இப்படித்தான் இருந்தான்.

முதலில் "பாட்டிக்கு வணக்கம் சொல்லு, இதைச் சொல்லு, அதைச் சொல்லு" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். பெரியவர்களான நமக்கே, ஒருவர் போனை முகத்துக்கு நேரே நீட்டி "பேசு" என்றால் என்ன பேச வரும்? நான் செய்தது ஒன்றுதான். போனை ஒரு தாங்கியில் நிறுத்தி, பிள்ளை விளையாடும் இடத்தில் வைத்துவிட்டேன். அவன் கட்டை அடுக்குவான், என் மாமியார் அங்கே துணி மடிப்பார். இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். பத்து நிமிஷம் பேச்சே இருக்காது. அப்புறம் கட்டை சரிந்து விழும், "ஐயோ" என்பார் அவர், அங்கிருந்து பேச்சு ஆரம்பிக்கும்.

நேரம் ஒத்துவராத வாரங்களில் குரல் பதிவு அனுப்புகிறோம். நேரலையில் கூச்சப்படும் பிள்ளை பதிவில் நன்றாகப் பேசும். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம் என்பது அவனுக்குப் பெரிய தைரியம்.

திட்டியதை நினைத்து உடைந்துபோகாதீர்கள். பாப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள், போதும்.

---

பேச்சுப்_பயிற்சி

வணக்கம். நான் பேச்சு மொழிச் சிகிச்சையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். இரண்டு மூன்று மொழிகளுக்கு நடுவில் வளரும் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். நீங்கள் கேட்டதற்கு வருமுன் உங்கள் மகள் சொன்ன வாக்கியத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்.

"பாட்டிக்கு நான் பேசுறது பிடிக்கலை." கவனித்துப் பாருங்கள். "பேசு" என்ற வினையைப் பெயராக்கி "பேசுறது" என்கிறாள். "பிடிக்கலை" என்று வருவதால் "பாட்டி" என்று விடாமல் "பாட்டிக்கு" என்று நான்காம் வேற்றுமை போடுகிறாள். தமிழை வளர்ந்தபின் கற்பவர்கள் தடுமாறும் இடம் அது. ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியத்தைச் சரியாக உட்கார வைக்கத் தெரிந்த குழந்தைக்கு மொழி போய்விட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொழி இருக்கிறது, அதை வெளியே எடுக்கத்தான் அவளுக்கு விருப்பம் குறைந்திருக்கிறது. மொழி இல்லாமல் போவதும் பேச விருப்பம் குறைவதும் வேறு வேறு பிரச்சினை. வகுப்பு முதலாவதற்கு உதவும். உங்களுக்கு இருப்பது இரண்டாவது.

பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை, அதையும் மறைக்க மாட்டேன். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் வீட்டில் வேறு மொழியும் புழங்கும் 1,899 குடும்பங்களை அனிக் டி ஹோவர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குப் பிள்ளைகள் அந்த வீட்டு மொழியைப் பேசவில்லை. பெற்றோர் இருவரும் வீட்டில் அதைப் பேசிய குடும்பங்களில் பிள்ளைகளும் பேசும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. நீங்கள் இருவரும் தமிழில்தான் பேசுகிறீர்கள், அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். களைப்பில் நீங்களும் பள்ளி மொழிக்கு மாறும் நாட்கள் வரும். மறுநாள் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று, மூன்று வயது முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்ஸுக்குத் தத்துப் போன சிலரை வளர்ந்தபின் சோதித்தார்கள். 2003-இல் வந்த ஆய்வு. கொரிய வாக்கியங்களை மற்ற மொழி வாக்கியங்களிலிருந்து அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு அந்த மொழியோடு தொடர்பு முழுக்க அறுந்துபோயிருந்தது. உங்கள் மகள் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே நீங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

அவள் பள்ளி மொழியில் பதில் சொல்லும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நார்வேயில் இரு மொழிக் குடும்பங்களைக் கவனித்த எலிசபெத் லான்சா, பெற்றோர் செய்வதை ஐந்தாகப் பிரித்தார். புரியாதது போல நிற்பது ஒரு முனை. நாமும் அந்த மொழிக்கே தாவிவிடுவது மறு முனை. நடுவில், "ஓ, சிவப்புப் பையா வேணும்?" என்று ஊகித்துக் கேட்பது, அவள் சொன்னதையே நம் மொழியில் திருப்பிச் சொல்வது, கண்டுகொள்ளாமல் பேச்சைத் தொடர்வது. என் அனுபவத்தில் ஆறு வயதுக்குப் புரியாதது போல நடிப்பது வேலை செய்யாது. அப்பாவுக்குப் புரியும் என்று அவளுக்குத் தெரியும், நடிப்பு நம்பிக்கையைத்தான் கெடுக்கும். ஊகித்துக் கேட்பதும் திருப்பிச் சொல்வதும் நல்லது.

திரை வழியாகப் பேச்சு வளருமா என்றால், வளரும். இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களை மூன்று விதமாகக் கற்பித்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. நேரிலும் நேரலை வீடியோ அழைப்பிலும் கற்றார்கள், பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. திரை தடையாக இருக்கவில்லை. நாம் செய்வதற்கு எதிரே இருப்பவர் உடனே பதில் தருகிறாரா என்பதுதான் முக்கியமாக இருந்தது.

இதனால்தான் உங்கள் மகள் சொன்னது எனக்கு உறுத்துகிறது. பாட்டிக்குத் தன் பேச்சு பிடிக்கவில்லை என்று அவள் எதைப் பார்த்து முடிவு செய்தாள்? திட்டாமல், தூங்கப் போகும் நேரத்தில், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

---

ஷிப்ட்_அப்பா

உங்கள் எல்லோருக்கும் நன்றி. அந்த வாக்கியத்தில் இத்தனை இலக்கணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவள் கண் கலங்கிவிட்டாள்.

நேற்று இரவு பாப்பாவிடம் கேட்டேன். "நான் சொன்னா பாட்டி என்ன என்னன்னு கேட்டுட்டே இருக்காங்க. அப்புறம் சிரிக்கிறாங்க" என்றாள். இவள் உச்சரிப்பு அம்மாவுக்குப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். பள்ளி மொழியின் சாயல் நாக்கில் ஏறிவிட்டது. அப்படியானால் உச்சரிப்புப் பயிற்சி கொடுக்கலாமா?

---

நாலு_வயசில்_வந்தவள்

அண்ணா, தயவுசெய்து உச்சரிப்புப் பயிற்சி வேண்டாம். நான் உங்கள் பாப்பாவின் இடத்தில் இருந்து வளர்ந்தவள். நாலு வயதில் பெற்றோருடன் வந்தேன், இப்போது முப்பத்தொன்று.

எங்கள் வீட்டில் அழைப்பு என்றால் போன் கை மாறிக்கொண்டே இருக்கும். பெரியப்பா, அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள். எனக்கு "ழ" வராது. தாத்தாவை "அவன்" என்று சொல்லிவிடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அன்பான சிரிப்புத்தான், இப்போது எனக்கு அது தெரிகிறது. எட்டு வயதில் தெரியவில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டு, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்க வைப்பார்கள். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். எட்டிலிருந்து பத்தொன்பது வரை என் தாத்தாவிடம் முழு வாக்கியம் ஒன்று பேசியதாக எனக்கு நினைவில்லை. எனக்குப் பத்தொன்பது ஆனபோது அவர் போய்விட்டார். அவரிடம் கேட்க வேண்டியவை நிறைய இருந்தன.

பேச்சுப்_பயிற்சி எழுதியதில் ஒன்றோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் சொன்னதை அம்மா ஒவ்வொரு முறையும் சரியான தமிழில் திருப்பிச் சொல்வார். அவருக்கு அது உதவி, எனக்கு அது திருத்தம். ஒரு நாளைக்கு இருபது தடவை திருத்தினால் வாயை மூடிக்கொள்வதுதான் சுலபம். சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆறேழு வயதுக்குத் தெரிந்துவிடும்.

என் தமிழை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் சித்தி. புதிய போன் வாங்கியிருந்தார். படத்தை எப்படி அனுப்புவது, எழுத்தை எப்படிப் பெரிதாக்குவது என்று குரல் பதிவில் என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார். நான் சொன்னால்தான் அவருக்கு வேலை நடக்கும். தப்பும் தவறுமாகச் சொன்னேன். அவர் அதைக் கேட்டு, செய்துமுடித்து, "வந்துடுச்சுடி!" என்பார். நான் எப்படிச் சொன்னேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அலமாரி மேல் இருந்த கண்ணாடியை உங்கள் பாப்பா கண்டுபிடித்தாள் என்று எழுதினீர்களே, அதுதான். அப்போது பாட்டிக்கு அவள் தேவைப்பட்டாள்.

---

மறுமுனைத்_தாத்தா

தம்பி, இங்கே எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் இருப்பவர்கள். நான் இந்தப் பக்கம் இருப்பவன். வயது எழுபத்தொன்று. மகன் குடும்பம் வெளிநாட்டில். பேரனுக்கு எட்டு வயது.

உங்கள் பதிவில் "என்னடா கண்ணு", "என்னது", அப்புறம் சிரித்துக்கொண்டே "சரி சரி" என்று வருகிற இடத்தை நான் நாலு தடவை படித்தேன். அது நான்தான். அதனால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அம்மாவுக்குக் காது எப்படி இருக்கிறது?

எனக்குச் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. யாரோ பேசுகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். ஆனால் கல்லா, பல்லா, சொல்லா என்று பிரியாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கினார். வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். உயிரெழுத்தின் ஓசை தாழ்ந்தது, அது கேட்டுவிடும். ச, ப, த மாதிரி மெய்யெழுத்துகளின் ஓசை மெலிந்தது, உயர்ந்தது, அதுதான் தப்பிப்போகும். அதனால் ஆண் குரலைவிடக் குழந்தைக் குரல் கஷ்டம். மகன் பேசினால் எனக்குப் புரியும், பேரன் பேசினால் புரியாது. இதனால் வீட்டில் எல்லோரும், என்னையும் சேர்த்துத்தான், பையனின் தமிழில்தான் குறை என்று நினைத்தோம். அறுபது வயது தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்புக் குறை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

நான் ஒரு வருஷம் மறைத்தேன். அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். அவர்கள் நிறுத்தினால் "சரி சரி" என்பேன். உதட்டைப் பார்த்துப் பாதி ஊகிப்பேன், படம் உறைந்துவிட்டால் அதுவும் போச்சு. ஏன் மறைத்தாய் என்று மகன் கேட்டான். தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் உடம்புக்கு ஒன்று என்று சொன்னால் அவன் என்ன செய்ய முடியும்? ராத்திரி தூக்கம்தான் கெடும். அப்படி நினைத்தேன்.

உங்கள் அம்மாவிடம் ஒரு தடவை படத்தை அணைத்துவிட்டு, அவர் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று கேட்டுப் பாருங்கள். நலம் விசாரிப்பு வேண்டாம், அதற்குக் கேட்காமலேயே பதில் சொல்லிவிடலாம்.

---

பேச்சுப்_பயிற்சி

ஐயா, நன்றி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. குழந்தையின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

ஷிப்ட் அப்பா, ஐயா சொன்னது சரியாக இருந்தால், மருத்துவரைப் பார்க்கும் வரை இவற்றைச் செய்யுங்கள். பாப்பாவின் முகத்தில் வெளிச்சம் விழட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துத் தெரியும், உதடு தெரியாது. அம்மா ஸ்பீக்கரில் கேட்காமல் ஹெட்போன் போடட்டும். கத்த வேண்டாம், கத்தினால் வார்த்தை இன்னும் சிதையும். கொஞ்சம் நிதானமாக, வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விட்டுப் பேசினால் போதும். சாதாரணத் தொலைபேசி அழைப்பு பல இடங்களில் ஏறக்குறைய 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் கடத்தும், அதற்கு மேலே இருக்கும் மெய்யெழுத்து ஓசைகள் அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். இணையம் நன்றாக இருக்கும் நேரத்தில் செயலி வழியாகக் கூப்பிடுவது மேல்.

நாலு வயசில் வந்தவள், நீங்கள் சொன்ன திருத்தம் பற்றிய கருத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதைச் செய்யக்கூடாதுதான்.

---

ஷிப்ட்_அப்பா

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

தாத்தா எழுதியதை நான் இரவு ஷிப்டின் இடைவேளையில் படித்தேன். உடனே மனைவிக்கு அனுப்பினேன். காலையில் வீட்டுக்கு வந்தபோது அவள் வேலைக்குப் போகாமல் எனக்காக உட்கார்ந்திருந்தாள். "நான் தினமும் இதே ஆட்களோடுதான் இருக்கேன். முகத்துக்கு நேரே நின்னு பேசணும், வாயை மறைக்கக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. நம்ம அத்தையை நான் கவனிக்கலையே" என்றாள். நான் அவளைத் தேற்றினேன். கவனிக்காதவன் நானும்தான்.

அன்றே அம்மாவைக் கூப்பிட்டேன். இணையம் சரியில்லை என்று சொல்லிப் படத்தை அணைத்தேன். "மொட்டை மாடிக் கதவுக்குப் புதுசா பூட்டு போட்டாச்சா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கேம்பா, நீ உடம்பைப் பார்த்துக்கோ" என்றார். இரண்டாம் முறை கேட்டேன். "சரி சரி" என்றார். படத்தைப் போட்டு மூன்றாம் முறை கேட்டேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பூட்டா? போன மாசமே போட்டாச்சே" என்றார்.

நேராகக் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேலாகிறதாம். வாசலில் அழைப்பு மணி அடித்தால் தெரிவதில்லை என்று பகல் முழுவதும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். தனியாக இருக்கும் வீட்டில், திறந்த கதவோடு. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

பக்கத்து வீட்டுப் பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். பரிசோதனையில் இரண்டு காதிலும் உயர்ந்த ஒலிகள்தான் குறைந்திருக்கின்றன என்று தெரிந்தது. தாத்தா சொன்னது அப்படியே. கேட்கும் கருவிக்கு அளவு எடுத்திருக்கிறார்கள், இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை ஒயர் வைத்த ஹெட்போன் வாங்கிக்கொடுத்திருக்கிறோம். அழைப்பு மணிக்குப் பதிலாக விளக்கு எரியும் மணி ஒன்றை வீட்டில் மாட்டியாயிற்று. கதவு இப்போது சாத்தியிருக்கிறது.

பாப்பாவிடம் சொல்ல வேண்டியதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. பக்கத்தில் உட்கார வைத்து, "பாட்டிக்குக் காது சரியா கேட்கலை கண்ணு. நீ பேசுறது பிடிக்காம இல்லை. அப்பா உன்னைத் திட்டினது தப்பு" என்றேன். ரொம்ப நேரம் யோசித்தாள். "அப்போ பாட்டி ஏன் சொல்லலை?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். "நாம கவலைப்படுவோம்னு" என்றேன். அவளுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. எனக்கும் முழுக்க விளங்கவில்லை.

அதன் பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பாட்டிக்குக் கேட்கவில்லை என்றால் எழுதிக் காட்டலாமே என்றாள். மேலே உள்ளதை எல்லாம் மறந்துவிட்டாலும் பரவாயில்லை, நான் சொல்ல வந்தது இதைத்தான். அந்த சனிக்கிழமை வகுப்பை நான் நிறுத்தியிருந்தேன். மூன்றாவது நாள் அவளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "பூனை எப்படி எழுதணும்?" என்று நின்றாள். "னை" அவளைப் பாடாய்ப் படுத்தியது. பெரிய தாளில் தடித்த பேனாவால் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை தாளைத் தூக்கிக் காட்டினாள். திரையின் மூலையில் தெரியும் அவளுடைய சொந்தப் படத்தில் எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பித் தெரிந்தன. தப்பாக எழுதிவிட்டேன் என்று முகம் சுருங்கிவிட்டது. நமக்கு மட்டும்தான் கண்ணாடியில் தெரிவது போல் காட்டும், எதிரில் இருப்பவருக்கு நேராகத்தான் தெரியும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பூ... னை... பூனையா! எங்க பூனை?" என்றார். பாப்பா தாளைக் கீழே போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள், எதிர்வீட்டு மதிலில் உட்கார்ந்திருந்த பூனையைக் காட்ட.

இப்போது அம்மாவும் எழுதிக் காட்டுகிறார். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில். பாப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், நான் அருகில் போனால் "நீங்க சொல்லாதீங்க" என்கிறாள். எங்களிடம் இன்னும் பாதி நேரம் பள்ளி மொழியில்தான் பதில் சொல்கிறாள். நான் திருப்பிச் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை, இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் படுத்துவிட்டேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக:

"பாட்டி... இப்ப... கேக்குதா?"

"கேக்குது கண்ணு. சொல்லு."